நான்கு அங்குலம் இறங்கிய கூரை

சாந்த்ராகாச்சி

அன்புள்ள அப்பாவுக்கு மஹிமாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் பட்டறையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டி, கூரையை நான்கு அங்குலம் இறக்கினோம். தூண்கள் சாய்வானவை என்பதால் வெட்டிய முனைகள் சேரவேயில்லை. இரண்டு நாள் அதே யோசனை.

"கூரையைக் குறுக்கே வெட்டி, நடுவில் தகடு சேர்த்து நீட்டலாமா?" என்று தலைமை மெக்கானிக் தபன்தாவிடம் கேட்டேன். இதுவரை என்னைத் தகடு தேய்க்க மட்டுமே விட்டவர், வெல்டிங் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது அப்பா! அதே காரில் பழையதை எடுத்துவிட்டு வைத்த பெரிய எஞ்சினும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மணிக்கட்டில் சின்னச் சூட்டுக்காயம், ஆறிவிட்டது.

சாம்பார் பொடி அனுப்புங்கள். முகவரியை நீங்களே எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது.

வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

மஹிமா