மூச்சு விட இடமில்லாத பாட்டு

என்னங்க, முழங்கால் வலி தேவலையா? நாங்கள் சுகம்.

நேற்று ஒத்திகையில் நான், என் மடியில் பேத்தி, நம் மகள், மாப்பிள்ளை, பியானோ வாசிக்கும் ஒரு அம்மாள், பாடகர்கள் அத்தனை பேர், அவர்களை நடத்தும் குழுத்தலைவர், இவ்வளவு பேரும் இருந்தோம். மகள் எழுதிய சேர்ந்திசை நன்றாக அமைந்தால்தான் அடுத்த பாட்டை அவளிடம் கேட்பார்கள்.

"கடைசி சுரம் ரொம்ப நீளம்மா. மூச்சு விட இடமே இல்ல. வெட்டிடு" என்றார் தலைவர்.

மகள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. "எல்லாரும் ஒண்ணா ஏன் சார் மூச்சு விடணும்? பக்கத்துல இருக்கறவங்க பாடறப்ப ஒருத்தர் விட்டுக்கட்டும், மாத்தி மாத்தி."

"அப்ப நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாமா?" என்றார் பாடகர்களில் ஒரு கட்டைக்குரல்காரர். ஒரே சிரிப்பு.

பாடினார்கள். சுரம் அறுபடாமல் அப்படியே நின்றது. பேத்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல, இது நிக்கும்னு!" என்றார் தலைவர். அடுத்த வருடத்துக்கும் ஒரு பாட்டு எழுதச் சொல்லிவிட்டார்.

உங்கள் தலையணை உறை ஒன்றை அனுப்பி வையுங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசம் அப்படியே இருக்கட்டும். பேத்தி எழுந்துவிட்டாள், நிறுத்துகிறேன்.

வெட்டச் சொன்னதை எல்லாம் மகள் மறந்துவிட்டாள். நான் மன்னிக்கவே மாட்டேன், அந்தக் குழுத்தலைவரை.