பேச்சு அறாத பெட்டி

பசியாவரம்
14.8.2025

அன்பு மருமகள் ஷாலினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் ஹரிஷும் சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போடாமல் இருங்கள்.

போனில் கேட்டால் நல்லாயிருக்கு என்று சொல்லிவிடுவேன், எழுதினால்தான் உண்மை வரும் என்றாயே, எழுதுகிறேன். நீங்கள் சோதனைக்கு வைத்த நெட் பெட்டி செல்போன் டவரில் ஓடுகிறது. டவர் நின்றால் மாடி டிஷ் வழியாகச் சாட்டிலைட்டில் ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பூபதிக்கு டவர் மட்டும்தான். கரண்ட் போனால் அவனுக்கு நெட் இல்லை. பேட்டரி இருப்பதால் எனக்கு உண்டு. படம் பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வீடியோ கால் அறுந்துபோகிறது. நண்டு வியாபாரி விலை பேசும்போதே அறுந்தது. திரும்பக் கூப்பிடுவதற்குள் அவர் வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்.

நீ செய்த பெட்டி என்பதால்தான் மறைக்க மனம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் மாமா
பெரியசாமி

சென்னை
2.9.2025

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

கோபமா? உங்கள் கடிதத்தை ஆபீஸ் மீட்டிங்கில் அப்படியே படித்தேன். தீபாவளிக்கு விற்பனை என்று நாள் குறித்திருந்தார்கள். "ஒருத்தர் சொன்னதுக்காகத் தள்ளிப்போடறதா?" என்றார் மேலதிகாரி. "அவர் ஒருத்தர்தான் சார் உண்மையை எழுதியிருக்கார்" என்றேன். குறை தீராமல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். வரவேண்டிய பதவி உயர்வு போய்விட்டது. ஹரிஷுக்கு வருத்தம்தான், எனக்கில்லை.

இப்போது இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்கும்படி மாற்றிவருகிறோம். அடுத்த மாதம் அந்த மாற்றம் உங்கள் பெட்டிக்குத் தானாகவே வந்துசேரும்.

அன்புடன்
ஷாலினி

பசியாவரம்
30.10.2025

அம்மா ஷாலினி,

நேற்று பூபதி மகள் வெண்ணிலாவுக்கு நர்ஸ் வேலைக்கு வீடியோ காலில் இன்டர்வியூ. காற்று பலமாக இருந்ததால், கரண்ட் போய்விடுமோ என்று நம் வீட்டில் உட்கார்ந்து பேசினாள். பாதியில் கரண்ட் போய், டவரும் நின்றது. பூபதி ஓடிவந்தான்.

"நெட்டு பூட்ச்சிண்ணா! புள்ள வேல இன்னா ஆவறது?"

"கத்தாதடா. உள்ள பேசினுகீறா பாரு."

பெட்டி சாட்டிலைட்டுக்கு மாறியதே வெண்ணிலாவுக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பூபதி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடைசிவரை நின்றான். இன்று காலை, வேலை கிடைத்ததாகச் செய்தி வந்தது.

"யாருண்ணா செஞ்சது இந்தப் பொட்டிய?" என்றான்.

"எங்க வூட்டு மருமவ" என்றேன்.

பதவியை அவர்கள் தராவிட்டால் போகட்டும் அம்மா. அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, தன் வேலையிலேயே குறை இருக்கிறது என்று சொன்ன பெண் எங்கள் வீட்டில் இருக்கிறாள். படகுத் துறையில் இன்று எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வலையைத் தொட்டேன்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
பெரியசாமி