கிளேருக்கு நாற்காலி வேண்டாம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மெஷினுக்கு எண்ணெய் விட்டாயிற்று. பாபின் பெட்டி துடைத்தேன்.

புது நோட்டு. யார் எவர் என்று எழுதிவிடுவது நல்லது. கிளேர்: பெல்ஜியம், ஐம்பத்தெட்டு வயது. கணவர் கீழச்சிவல்பட்டியில் பழைய வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக மாற்றுகிறார். வந்து இரண்டு வருடம். யூகோ: ஜப்பான், ஐம்பது இருக்கும். கணவர் ஆலையில் இஞ்சினியர். எட்டு மாதம். யூகோவுக்கு ஆங்கிலம் பாதி, கிளேருக்குத் தமிழ் கால்வாசி. துணியைக் கையில் எடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் பாஷையே தேவைப்படுவதில்லை. ஆறு மாதமாகச் செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு என் வீட்டில் தையல்.

இன்று ரவிக்கை. கண்டாங்கித் துணி, மூவருக்கும். யூகோவின் தையல் அங்குலத்துக்குப் பன்னிரண்டு, எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தையல் கற்றுத்தந்த பிரெஞ்சுக் கான்வென்ட் மதர்கூடக் குறை சொல்லியிருக்கமாட்டார். கிளேருடையது அவசரத் தையல். பிரிக்கச் சொன்னேன். பிரெஞ்சில் முனகிக்கொண்டே பிரித்தாள். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் புரியும் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

தின்பதற்கு: யூகோ கொண்டுவந்த சோற்று உருண்டை, உப்பில் ஊறிய ஏதோ பழம். நம் தயிர்ச்சோற்றுக்கு அந்தப் பழம் பிரமாதம். அதையும் சொல்லவில்லை.

நாலரைக்குத் தெய்வானை வந்தாள், என் கணவரின் தங்கை. அண்ணன் மனைவி என்பதால் நான் அவளுக்கு அண்ணமிண்டி. ஞாயிறன்று அவள் வீட்டுக்காரருக்கு எழுபது சாந்தி.

"அண்ணமிண்டி, ஒங்க சிநேகிதிகளையும் கூட்டிட்டு வாங்க. முன்னாடியே ரெண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். ஸ்பூனும் வாங்கி வச்சிருக்கு."

நாற்காலி என்பது கிளேருக்குப் புரிந்துவிட்டது. முகம் வாடிவிட்டது. என்னிடம் மெதுவாக ஆங்கிலத்தில்: இரண்டு வருடமாகப் போகிற வீட்டிலெல்லாம் நாற்காலி, ஸ்பூன், போட்டோ. ஒரு வீட்டிலாவது ஒரு பாத்திரத்தைத் தூக்க விட்டதில்லை.

எனக்கு என்ன வந்ததோ. "தெய்வானை, முதல் பந்திக்கு வெள்ளைப் பணியாரம் நாங்கள் மூன்று பேரும் சுடுகிறோம். இவர்களே பரிமாறுவார்கள்" என்றேன்.

"வெளையாடுறீகளா? கைதேர்ந்த சமையக்காரரு சுட்டாலே பாதி செவந்துபோகுது!"

"சிவக்காது."

"சரி. வெள்ளையா உப்பி வந்தாப் பரிமாறட்டும். செவந்துச்சுன்னா ஒண்ணுகூட எலைக்குப் போகாது. ரெண்டு பேரும் நாற்காலியில ஒக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போகட்டும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஐம்பது இலை, இலைக்கு இரண்டு. ஐந்தே நாள்.

ஜூன் 5, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. உளுந்து புதிதாக வாங்கினேன். பழையது வண்டு.

முதல் ஒத்திகை. படுதோல்வி. பன்னிரண்டு சுட்டோம், பன்னிரண்டும் தட்டை, விளிம்பெல்லாம் கருக்கு. வேலைக்கு வரும் பாண்டியம்மாள் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்: "ஆச்சி, இதுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டலாம்."

மாவை ஆட்டியது நான், தீ என் பொறுப்பு. அப்படியானால் குறை அளவில்தான். கிளேரை மறுபடி அளந்து காட்டச் சொன்னேன். உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பினாள். சரி. அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டினாள். அதுவும் சரி. பிறகு வெகு கவனமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கத்தியின் முதுகால் அந்தக் கோபுரத்தை ஒரே வழிப்பாக வழித்துத் தள்ளினாள்!

அவள் அம்மா கேக்குக்கு மாவு அளக்கும் முறையாம். தலைதட்டாத அளவு அளவே இல்லையாம். உளுந்து அநேகமாக எல்லாம் மேஜையில். பணியாரம் எங்கே உப்பும்?

"கோபுரம் எத்தனை கிராம்?" என்று கேட்டாள். நிற்கிற வரைக்கும் என்றேன். யூகோ அதைத் தன் மொழியில் குறித்துக்கொண்டாள்.

ஜூன் 6, வெள்ளி

மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போயிற்று. இரண்டாம் ஒத்திகை. கோபுரத்தை யாரும் தொடவில்லை. இருபதில் பதினேழு தேறியது. யூகோவுக்கு எடுக்கும் நேரம் கண்ணிலேயே இருக்கிறது, நிறம் வருமுன் அரை நொடி. அரிகரண்டி இனி அவள் கையில்.

கிளேர் வாய்க்குள் பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணி எண்ணி ஊற்றுகிறாள். இருபது என்றதும் நான் பிரெஞ்சிலேயே "போதும்" என்றேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஆறு மாதமாக என்னைப் பற்றி என்னென்ன முனகினாளோ, காதுமடல் வரை சிவப்பு. யூகோ சிரித்த சிரிப்பில் மாவு சிந்திற்று.

ஜூன் 7, சனி

எழுதத்தான் வேண்டும். இங்கே மட்டும்.

கிளேரின் ரவிக்கைக்குக் கை வெட்டினேன். துணி கொஞ்சந்தான் மீதி. இரட்டையாக மடிக்க இடமில்லை என்று தனித்தனியாக வெட்டினேன். இரண்டும் இடது கை. பன்னிரண்டு வயதிலிருந்து தைக்கிறேன். இரண்டும் இடது கை! நாளைக்கு விசேஷம், வேறு துணி கிடையாது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன், இரண்டு முறை.

யூகோ வந்தாள். கையில் அந்த இரண்டு துண்டு. ஒன்றைத் திருப்பிப் போட்டாள். வலது கை. கைத்தறிக் கட்டம், இரு பக்கமும் ஒன்றேதான். எனக்குத் தெரியாதா? ஆத்திரத்தில் தோன்றவில்லை.

"ஆச்சி டயர்ட்" என்று அவளே ஒரு காரணமும் சொன்னாள். கிளேரிடம் சொல்லவில்லை. நல்ல பெண்.

ஆறு மணிக்குக் கொக்கி வைத்து முடித்தேன். மூன்று ரவிக்கையும் தேய்த்து மாட்டியிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலையே தெய்வானை வீட்டுப் பின்கட்டில் இருந்தோம். மூன்று பேரும் கண்டாங்கி. சேலை கட்டிவிட்டது பாண்டியம்மாள். கிளேர் உயரத்துக்குக் கெண்டைக்காலில்தான் நின்றது, அதுவும் ஒரு அழகு.

முகப்பில் இரண்டு நாற்காலி, துண்டு விரித்து, தயாராக. கிளேர் அதைப் பார்த்தாள். மாவைக் கலக்கினாள்.

நான் ஆட்டியிருந்தேன், கிளேர் ஊற்ற, யூகோ எடுத்தாள். முதல் மூன்று எண்ணெய்க்குப் பழக. பிறகு நூற்றுப் பன்னிரண்டு. சிவந்தது இரண்டு. அதை நாங்களே தின்றோம்.

தெய்வானை பட்டுச்சேலையோடு வந்தாள். ஒன்றை எடுத்தாள். திருப்பினாள், வெளிச்சத்தில் பிடித்தாள், பிட்டாள், வாயில் போட்டாள். கிளேர் மூச்சே விடவில்லை. நான் விட்டேனா என்று ஞாபகமில்லை.

மென்று முடித்துவிட்டுக் கிளேரைப் பார்த்து ஒரு போடு போட்டாள்:

"என்னத்தா பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற? அங்குட்டுப் பந்தி ஒக்காந்தாச்சு. ஆறுறதுக்குள்ள கொண்டு போ! ஏ யூகோ, நீ சட்னியத் தூக்கு!"

கிளேர் என்னிடம் கேட்டாள்: "திட்டுகிறார்களா?"

"நன்றாகத் திட்டுகிறாள்" என்றேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு, கொசுவம் அவிழ அவிழ. ஒரு பெரியவர் "இன்னொண்ணு வையி ஆத்தா" என்றது பின்கட்டு வரை கேட்டது.

நான் எப்போதும்போல் பின்கட்டில். என் கணவர் காலமானபின் பதினோரு வருடமாக எந்த விசேஷத்திலும் முன்னால் போனதில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெய்வானை திரும்பி வந்தாள். "முன்னாடி ரெண்டு நாற்காலி சும்மா கெடக்கு. நீங்க வாங்க அண்ணமிண்டி." கையைப் பிடித்தே கூட்டிப்போனாள்.

உட்கார்ந்தேன். முன்வரிசை. கிளேர் எனக்கு இரண்டு பணியாரம் வைத்தாள். யூகோ சட்னி.

யாரோ ஸ்பூன் கொண்டுவந்து நீட்டினார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன்.