ஏலக் கொட்டகையில் ஒரு சமாதானப் பேச்சு

இன்று காலை ராயபுரம் மேம்பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கினேன். பக்கத்தில் நின்றவளின் கூடையிலிருந்து ஐஸ் கரைந்து ஒழுகியது. அந்த வாளைமீன் வாடை மூக்கில் ஏறியதும் பஸ், மழை எல்லாம் எங்கோ தள்ளிப் போய்விட்டன. பல வருஷத்துக்கு முந்தைய காசிமேட்டில், கூட மீன் விற்ற உன் தோளுரசி நிற்கிறேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

அந்தச் சாம்பலுக்குள் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. எல்லை தாண்டினார் என்று இலங்கையில் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அக்கரையில் சண்டை ஓய்ந்திருந்த நேரம். அங்கத்து மீனவர்கள் சிலர் நம் ஆட்களோடு பேச வருகிறார்கள் என்றதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் பேச்சு கோயில் மண்டபத்தில். ஊர்க்கூட்டத்தில் பொம்பளைக்கு இடமில்லை, அது நம் குப்பத்து வழக்கம். பேச வேண்டியவர் சிறையில். அவருக்காக நான் பேசக் கூடாது.

"இன்னாமே அழுதுகினு கீற? அங்க நம்மள உடமாட்டானுங்க. நம்ம எடத்துக்கு அவனுங்கள இஸ்துக்கலாம், வா" என்றாய்.

நம் இடம் ஏலக் கொட்டகை. ஆம்பளை மீனை இறக்குவான்; ஏலம் கூறுவதும் எடுப்பதும் நாம். அன்று ஒருத்தியும் மீன் எடுக்கவில்லை. காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டோம். வெயில் ஏறியது, மீனின் கண் வெளுத்தது. நானும் வியாபாரிதானே, மீன் வீணாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் ஆம்பளைகளை இங்கே வரவைக்க இதைவிட நல்ல பிடி கிடைக்காது என்பதும் புரிந்தது.

ஊர்த் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அக்கரை ஆட்கள்.

"இன்னா கலாட்டா இது? ரெண்டு நாட்டு பாதுகாப்பு விஷயம் பேசிகினு கீறோம். உங்களுக்கு இன்னா தெரியும்?"

"கோடு எங்க கீதுன்னு நீ பேசு நைனா, வாணாங்கல. உள்ள கீறவன் வூட்ல அடுப்பு எரியுதா? தாப்பா போட்டாலும் அவன் பொண்டாட்டிக்குத் தூக்கம் வருதா? அது பாதுகாப்பு இல்லியா?" என்று கேட்டாய் நீ.

அக்கரைக்காரர்களில் நரைத்த ஒருவர் மெல்லச் சொன்னார்: "எங்கட வீட்டுப் பொம்பிளையளும் இதத்தான் கேக்கினம். உங்கட படகுகள் எங்கட வலைய அறுக்கேக்க அவையும் பட்டினிதான்."

நீ எழுந்து அவர் பக்கம் போனாய்.

"அவுங்கள ஏன் இட்டாரல?" என்றாய் அவரிடம். பிறகு நம் படகுக்காரர்கள் பக்கம் திரும்பினாய். "கேட்டுகினியா மாமு? மொதல்ல அவுங்க வலைய அறுக்காத. அப்பறம் நம்ம ஆளக் கேளு."

உட்காரச் சொல்லி உன் கூடையை அந்தப் பெரியவருக்குத் தள்ளினாய். "நீ சொல்லுமே" என்று என்னை எழுப்பிவிட்டாய். எல்லை தாண்டினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து, அதிகாரிகளுக்குச் சொல்லும் முன்பே எனக்குச் சொல்லுங்கள் என்றேன். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. அக்கரைக்காரர் தலையாட்டினார்.

அந்தப் பேச்சால்தான் என் வீட்டுக்காரர் வந்தாரா, அரசாங்கம் தானாக விட்டதா, சத்தியமாகத் தெரியாது. வந்தார், இளைத்துக் கறுத்து. "எனக்காக யாரு பேசனது?" என்று கேட்டார். நான்தான் என்றதும் நம்பாமல் சிரித்தார். நீ நண்டு பேரம் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவதான்" என்றாய்.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் கூட்டங்கள் நடக்கின்றன. துறைமுகப் பாதுகாப்புக்குச் சுவர் எழுப்ப வேண்டுமாம். வியாபாரிகள் சார்பில் எனக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள். நான் தனியாகப் போவதில்லை. சுவர் வந்தால் கடலுக்கு வழியில்லாமல் போகும் இரண்டு பெண்களைக் கூட்டிப் போகிறேன். நாற்காலி பத்தாது என்கிறார்கள். மூன்று பேரும் நின்றுகொண்டே பேசுகிறோம்.