பெயரில்லாத ஜெபச் சீட்டு

அன்பு மகளுக்கு,

கொல்கத்தாவில் மழை விடவில்லை. அம்மா சுகம். உனக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் இப்போது லேக் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது.

நீ வங்காளிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து, நம் தமிழ்ச் சபையில் வாராவாரம் எழுந்து நின்று, "வழிதவறிய என் மகள் வீடு திரும்ப ஜெபியுங்கள்" என்று கேட்டு வந்தேன். எல்லாரும் எனக்காகக் கண்கலங்குவார்கள்.

போன ஞாயிறு ஜெபப் பெட்டியிலிருந்து போதகர் ஒரு சீட்டை எடுத்து வாசித்தார்: "பிள்ளைக்குக் கதவைத் திறக்காத ஒரு தகப்பனுக்காக." பெயர் இல்லை. என்னை ஜெபிக்கச் சொன்னார். "ஆண்டவரே, அந்தக் கல்நெஞ்சை உடையும்" என்று அழுதே விட்டேன். அழுதபின் மனம் லேசாக இருந்தது.

கிடர்பூர் பஸ்ஸில் திரும்பும்போது, அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்தச் சீட்ட எழுதுனது நான்தான்."

ஆண்டவருக்கு முன்னாலும் நான் நல்லவனாகவே நடித்திருக்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், நீ குழந்தையோடு வந்தாய். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போனதாக அம்மாவிடம் சொன்னாயாம்.

நான் இருந்தேன், மகளே. மூன்று முறை மணி அடித்தாய். மூன்றும் கேட்டது.

அப்பா