ஆவடியில் ஷூலான்செ

கோவில்பதாகை, ஆவடி
7-3-1971

அன்புள்ள அத்தானுக்கு வரலட்சுமி வணங்கி எழுதுவது. அத்தையும் நம் மகள் பேபியும் நானும் இங்கே சுகம். அந்த ஊர்ப் பனி உங்களை இன்னும் தின்றுவிடவில்லை என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. பயிற்சி முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலேயே இன்னும் இரண்டு வருஷம் வேலைக்கு இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும், உன் சம்மதம் வேண்டும் என்கிறீர்கள். அது அரைப் பக்கம். மீதி முழுவதும் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் செய்து தரும் ஷூலான்செ என்ற கொழுக்கட்டையின் புராணம்! உருளைக்கிழங்கில் அப்படி என்ன சொக்குப்பொடி என்று பார்க்க நானே செய்தேன்.

கிழங்கை வேகவைத்து மசித்து, மைதாவும் உப்பும் போட்டுப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டினேன். கொதிக்கிற தண்ணீரில் போடு என்று எழுதியிருந்தீர்கள். கொழுக்கட்டையை யாராவது தண்ணீரில் போடுவார்களா? உங்களுக்கு அடுப்பங்கரை தெரியாது என்று இட்லிப் பானையில் வைத்துவிட்டேன். எடுத்தால் ரப்பர். அத்தை ஒன்றைக் கடித்துவிட்டு, "இன்னாடி இது, சைக்கிள் டியூபை வேவ வச்சிகினு கீறே?" என்றார்.

மறுநாள் உங்கள் பேச்சைக் கேட்டுத் தண்ணீரில் போட்டேன். பானையில் கூழ்தான் மிஞ்சியது. கிழங்கைச் சூட்டோடு பிசைந்ததால் வந்த வினை. நான் விடுவேனா? அடுத்த முறை நன்றாக ஆறவிட்டுப் பிசைந்தேன். போட்டதும் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தன. எனக்குத் திக்கென்றது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக முழுசாக மேலே மிதந்து வந்தன. அத்தான், அடுப்படியிலேயே கைதட்டிவிட்டேன்! நெய்யில் புரட்டி, வறுத்துப் பொடித்த கசகசாவும் சர்க்கரையும் தூவினேன். பேபி தட்டை நக்கினாள். பக்கத்து வீட்டு ஜமீலா கேட்டு வாங்கிப் போனாள்.

அத்தை மட்டும் ஒன்றைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "இத்த துன்னவா எம்புள்ள அம்மாந்தூரத்துல குந்திகினு கீறான்? இங்கியே வருதே" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற வயிறல்லவா? எனக்கும் அழுகை வந்தது.

சம்மதம் கேட்டீர்கள். தரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, நிதானமாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அம்பத்தூர் கம்பெனி வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஷூலான்செ இனி எப்போது கேட்டாலும் செய்து தருகிறேன், அந்த அம்மாளைவிட நன்றாகவே.

இன்னொன்று. அப்பா எங்கே என்று கேட்டால் பேபி தெருவில் வருகிற தபால்காரரைக் காட்டுகிறாள். உங்கள் கடிதங்களை அவர்தானே கொண்டு வருகிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. மாவு கெட்டால் நான் சரிசெய்துவிடுவேன். இதை நீங்கள் வந்துதான் சரிசெய்யவேண்டும்.

வீட்டுக்கார அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வழியெல்லாம் நல்லபடியாக அமையட்டும்.

உங்கள்
வரலட்சுமி