டரெல் தொடாமல் விட்ட பந்து

அன்பு மகள் கோரினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், என் முட்டி மட்டும் நலமில்லை, அது உன் அப்பா போனதிலிருந்தே என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி ஐவியும் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவை தினமும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன், அவளுக்கே அலுத்துப்போயிருக்கும். போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்கும்மா அப்புறம் கூப்பிடறேன் என்கிறாய். ஈஸ்டர் அன்று அப்படிச் சொல்லி வைத்தாய், இப்போது ஆகஸ்ட் வந்துவிட்டது, உன் அப்புறம் இன்னும் வரவில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது. உட்கார்ந்து படி.

விஷயம் டரெலைப் பற்றி. அடுத்த தெரு பெர்னீஸின் பேரன், நீ வேலை பார்க்கிற பேஸ்பால் கிளப்பின் கீழ் அணியில் ஆடிக்கொண்டிருந்தவன், அவனை வசந்த காலத்தில் வேண்டாமென்று வீட்டுக்கு அனுப்பினீர்களே. நான் அனுப்பலம்மா, கணக்கு மட்டும்தான் போட்டுக் கொடுத்தேன் என்று நீ சொன்னாய். அந்த வித்தியாசம் இந்த ஊரில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சர்ச் சமையல்கட்டில் பியரோகிக் கொழுக்கட்டை செய்கிறோமே, எனக்கு எதிரே உட்கார்ந்து மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து மடிக்கிறவள் பெர்னீஸ்தான். இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மடிக்கிறாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை, உருளைக்கிழங்கிடம் பேசுவாள், எனக்குக் கேட்கிற மாதிரி. பத்துக்கு மூணு தடவை அடிச்சாலே கெட்டிக்காரன்ங்கிற ஆட்டத்துல, அப்படி அடிக்கிற பையனை வேணாம்னு சொல்ல கலிஃபோர்னியாவுல ஒருத்தி கம்ப்யூட்டரோட உக்காந்திருக்கா, அவ யாருன்னு நினைக்கிறே, என் அடுப்படியில சூப் குடிச்சு வளந்த கழுதை என்றாள். உருளைக்கிழங்கு என்ன பதில் சொல்லும். நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

எட்டாம் வகுப்போடு கணக்கை மூட்டை கட்டினவள் நான், ஆனால் நீ ஈஸ்டருக்குச் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன். அவன் அடிச்சது நிறைய, ஆனா பலமா அடிச்சது கொஞ்சம்மா, மெதுவாப் போன பந்தெல்லாம் ஆள் இல்லாத இடமாப் பாத்து விழுந்திருக்கு, அதிர்ஷ்டத்தைக் கழிச்சுட்டுப் பாத்தா மிச்சம் ஒண்ணுமில்ல, அடுத்த வருஷம் அந்த இடத்துல ஆள் நிப்பான், அதோட தொடவே கூடாத பந்தையெல்லாம் தொரத்தித் தொரத்தி அடிக்கிறான், இதுதானே நீ சொன்னது. இதையே நான் பெர்னீஸிடம் புரிகிற மாதிரி சொன்னேன், லாட்டரி விழுந்தவனையெல்லாம் உழைப்பாளின்னு சொல்லுவியா பெர்னீஸ் என்று. என் பேரன் லாட்டரியா என்று மாவுருட்டும் கட்டையை மேஜையில் போட்டாள் பார், ஃபாதர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். எங்க வீட்ல யாரும் அதிர்ஷ்டத்துல சாப்பிட்டதில்ல, சும்மா கிடைச்சதை வாங்கினதுமில்ல என்றாள். அவள் மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தராத பெரிய காபிப் பாத்திரம் என்னவாம். எழுபத்தொன்பதாம் வருஷம், ஜூன் மாதம், அன்றைக்கு மழை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

உன் கணக்கில் எனக்குக் கடைசிவரை ஏறாதது அந்த நடை சமாச்சாரம்தான். எதிரி நாலு தப்புப் பந்து போட்டு இவன் தொடாமல் விட்டால், அடித்தவன் ஓடிப் பிடிக்கிற முதல் மூலைக்கு, அதுதான் முதல் பேஸுக்கு, நடந்தே போகலாம், அதுவும் கிட்டத்தட்ட அடித்த மாதிரிதான் என்கிறாய். இது உருக்காலை ஊர். இங்கே நடந்து போகிறவனை வேலை செய்யாமல் கூலி வாங்குகிறவன் மாதிரி பார்ப்பார்கள், உனக்குத் தெரியாததா. ஒருத்தன் ரெண்டு பந்தை விட்டாலே பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் கார்ச் சாவியை எடுத்துக் குலுக்குவார்கள், போடா வேலைக்கு என்று அர்த்தம். உன் அப்பாவும் குலுக்கினவர்தான், ஆலை மூடி வேலை போன பிறகும் வந்து குலுக்கினார். டரெல் அந்தச் சாவிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை. எந்தப் பந்தைக் கண்டாலும் கை நீளாமல் என்ன செய்யும்.

அவன் போன மாதம் என் கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைக்க வந்தான். அவன் மாமா ரேயுடன் கூரை வேலைக்குப் போகிறான், சனி ஞாயிறு நம் ஊர் அணியில் ஆடுகிறான். ரே அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டாராம், செப்டம்பர் முதல் வாரம் வர்ற தொழிலாளர் தினத்துக்குள்ள முடிவு பண்ணு, ஆட்டமா கூரையா, உனக்காக இடத்தைப் பிடிச்சு வெச்சுக்க என்னால முடியாது என்று. ஏணியை விட்டு இறங்கி வந்தவனுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பாட்டி, கோரின் அத்தை என்கிட்ட என்ன குறை கண்டாங்க, அஞ்சு வருஷமா எல்லாரும் முதுகுல தட்டி நல்லா அடிக்கிறேன்னுதான் சொன்னாங்க, அனுப்பினப்போ கைகுலுக்கினாங்க, ஏன்னு மட்டும் யாரும் சொல்லல என்றான். கோரின், எனக்குக் கோபம் அவன் பாட்டி மேல்தான், அவன் மேல் இல்லை. நீ சொன்னதை அப்படியே சொன்னேன், லாட்டரி என்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஜூஸை ஒரே மடக்கில் குடித்தான். அப்புறம், அப்போ விட்டுப் பழகலாம் இல்ல பாட்டி என்றான். அவ்வளவுதான். மறுபடி ஏணி ஏறிவிட்டான்.

அந்த சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தது கூத்து. வெளியே போகிற பந்தை டரெல் பார்த்துக்கொண்டே நிற்கிறான். நம் ஊர்க்காரர்கள் நம் ஊர்ப் பையனைப் பார்த்தே சாவி குலுக்குகிறார்கள். இறைச்சிக்கடை லியோ எழுந்து நின்று, தம்பி பஸ்சுக்கா காத்திருக்கே, கடைசி பஸ் போயிடுச்சு என்று கத்தினான். கூரை மேல ஏறினவனுக்குக் கையும் ஆணி அடிச்சுப்போச்சு போல என்று பின்னால் ஒருத்தி. ஆனால் விட வேண்டியதை விட்டுவிட்டு வரவேண்டியது வந்ததும் அடிக்கிறான் பார், அந்தச் சத்தமே வேறே, எனக்குக் காது மந்தம், எனக்கே கேட்டது. நான் எழுந்து லியோவிடம், நீ எலும்பையும் சேர்த்து எடை போடறவன், உனக்கு நல்ல பந்து எது கெட்ட பந்து எதுன்னு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். அந்த வாரம் கறி அவனிடம் வாங்கவில்லை. இனியும் வாங்கப்போவதில்லை.

போன ஞாயிறு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருடன் ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், ரெண்டு பக்கமும் சமம், ரெண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் நம் முறை முடிந்தது, மூன்று பேஸிலும் நம் ஆட்கள், பேட்டோடு டரெல். ரெண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட், மூன்று தப்புப் பந்து ஆகிவிட்டது, இனி வருகிற பந்து நல்லதாக இருந்து இவன் விட்டால் தொலைந்தான், தப்பாக இருந்து விட்டால் நடக்கலாம், இவன் நடந்தால் எல்லாரும் ஒரு பேஸ் நகர்ந்து, மூன்றாவது பேஸில் நிற்கிறவன் தானாக உள்ளே வந்து ஓட்டம் சேர்ந்துவிடும், ஜெயம். ஊரே அடிடா அடிடா என்று சாவியைக் குலுக்குகிறது, அந்தச் சத்தத்தில் ஜெபம்கூட ஏறவில்லை எனக்கு. பெர்னீஸ் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பந்து வந்தது, தாழ்ந்து, சும்மா ஒரு விரற்கடை வெளியே. டரெல் அசையவில்லை. பேட் அவன் தோளிலேயே இருந்தது. அம்பயர் ஒரு தடவை தும்மி முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டு, தப்புப் பந்து என்றான். டரெல் பேட்டைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்தான். ஜெயித்த ஊர் மாதிரியா இருந்தது, எழவு வீடு மாதிரி இருந்தது. ஒருத்தர் கைதட்டவில்லை. நான் தட்டினேன். எனக்கு முட்டி வலித்தாலும் நின்றுகொண்டு தட்டினேன்.

அன்று சாயங்காலம் பெர்னீஸ் என் வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரமாட்டேன் என்றாள். என்னவோ வாய்க்குள் மென்றாள், கடைசியில், உன் பொண்ணோட மெஷின் இப்ப என்ன சொல்லுது என்றாள். என்னிடம் எதையும் கேட்காதவள், கேட்பதானால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறவள், வாசற்படி வரை வந்து கேட்டாள். ஒண்ணும் சொல்லல பெர்னீஸ், ஆட்டத்தையெல்லாம் அளக்கிற கேமரா பெரிய மைதானத்துலதான் இருக்காம், நம்ம மைதானத்துல ஒரு விளக்கே பாதி நேரம் எரியல, அது எங்கே இவனைப் பாக்கும் என்றேன். அப்போ அவன் மாறினது யாருக்கும் தெரியாமலே போயிடுமா என்றாள். கோரினையே கேக்கறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டதற்கு இன்னொருத்தியைக் கைகாட்டினது எனக்கு இதுதான் முதல் தடவை, அதையும் அவள் ஞாபகம் வைத்துக்கொள்வாள்.

அதனால் சொல்கிறேன், நீ வா. தொழிலாளர் தினத்துக்கு முந்தின சனி ஞாயிறு ரெண்டு ஆட்டம் இருக்கிறது, அதற்குமேல் அவன் கூரைக்குப் போய்விடுவான். உன் கேமராவோ அளவுகோலோ என்ன வேண்டுமோ கொண்டுவந்து பெஞ்சில் வைத்துப் பார். எனக்காகவோ பெர்னீஸுக்காகவோ ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வேண்டாம். டரெலே சொன்னான், பொய் வேணாம்னு சொல்லுங்க பாட்டி, இன்னும் தேறலன்னா தேறலன்னு சொல்லட்டும், ஆனா அத்தையே சொல்லட்டும் என்று. உன் கணக்கு சரிதான், நான் ஒப்புக்கொள்கிறேன், இதை யாரிடமும் சொல்லாதே. ஆனால் போன வருஷத்துப் பையனுக்குப் போட்ட கணக்கு இந்த வருஷத்துப் பையனுக்கு எப்படிப் பொருந்தும், இதற்கு நீதான் வந்து பதில் சொல்ல வேண்டும். வேலை இருக்கிறது என்று எழுதுவதானால் எனக்கு எழுதாதே, அவனுக்கே எழுது, நான் யாருக்கும் தூது போக மாட்டேன்.

ஐவிக்குக் காதில் எண்ணெய் விடாதே, டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையை ராத்திரியில் கார் ஓட்டச் சொல்லாதே, அவர் தூங்கி வழிகிறவர். வரும்போது கம்பளிச் சட்டை எடுத்து வா, சாயங்காலத்தில் ஆற்றுக் காற்று குத்துகிறது. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் மேல் கோபமாகவும் பாசமாகவும்,
அம்மா லொரேட்டா

மறந்துவிட்டேன்: நீ வருகிறாய் என்று டரெலிடம் நேற்றே சொல்லிவிட்டேன். டிக்கெட் எடு.